முப்பது வயசுக்கு மேல பாக்ஸிங் ஆரம்பிக்கிறீங்களா? எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்

காரைக்குடியில எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். 36 வயசுல பாக்ஸிங் கிளாஸ்ல சேந்தேன், இப்ப ஆறாவது வருஷம் ஓடுது. மாஸ்டர் ஊர்ல இல்லாத நாள்ல புதுசா வர்றவங்கள நாந்தான் பாத்துக்கிறேன். வர்றவங்க எல்லாம் என்னைய மாதிரி ஆளுகதான், பேங்க், சிக்ரி ஆராய்ச்சி நிலையம், காலேஜ், நகைக்கடைன்னு வேலை பாக்குறவங்க, முப்பதைத் தாண்டுனவங்க. பாதிப் பேர் ரெண்டு மாசத்துல காணாமப் போயிடுறாங்க. சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, ஒண்ணு மணிக்கட்டு போயிருக்கும், இல்ல கெண்டைக்கால் பிடிச்சிருக்கும், இல்லாட்டி முதல் வாரமே மூக்குல வாங்கி வெறுத்துப் போயிருக்கும். மூணுமே வரிசை மாத்திச் செஞ்சதால வர்றது, அதனால அந்த வரிசையைத்தான் எழுதுறேன்.

1. சேர்றதுக்கு முன்னாடி டாக்டர்

நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆஸ்பத்திரின்னு எல்லாரும் கேப்பாங்க. பிபி, சுகர், ஒரு இசிஜி, இதப் பாத்துட்டு வாங்க. மூணு நிமிஷ ரவுண்டுல நெஞ்சு துடிக்கிற வேகம் வாக்கிங்ல வராது, காலேஜ் முடிச்சதுலேர்ந்து பஸ்ஸுக்குக்கூட ஓடாத ஆளுக்கு முதல் ஓட்டமே இதுவா இருக்கும். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கண்ணாடி பவர் மைனஸ் ஆறைத் தாண்டிருச்சுன்னா கண் டாக்டர்கிட்ட விழித்திரையைக் காட்டணும், ஏன்னா அந்த மாதிரி கண்ணுல அடி பட்டா விழித்திரை பிரியிற ஆபத்து மத்தவங்களவிடக் கூட. கண்ணாடி வேணாம்னு லேசிக் லேசர் ஆபரேஷன் பண்ணுனவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடி படுற எதுக்கும் வரக் கூடாது, இதுல பேரமே கிடையாது.

2. எதுக்கு வர்றீங்க

உடம்பு குறைக்கவா, அடிதடின்னா பதறாம நிக்கவா, இல்ல ஒரு தடவையாவது ரிங்ல ஏறணும்ங்கற ஆசையா? மூணுக்கும் முதல் மூணு மாசம் ஒண்ணுதான், அப்புறம்தான் பாதை பிரியும். போட்டி ஆசை இருந்தா மட்டும் வயசைப் பாத்துக்கங்க, அமெச்சூர் பாக்ஸிங்ல பெரியவங்க பிரிவு 19லேர்ந்து 40 வயசு வரைக்கும்தான். 38ல சேந்துட்டு அடுத்த வருஷம் பாக்கலாம்னு தள்ளிப் போட்டா கதவு சாத்திரும்.

நம்ம பக்கம் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் ஈசியாக் கிடைக்குது, பாக்ஸிங் சொல்லித் தர்றவங்க கம்மி. பக்கத்துல நல்ல சிலம்ப வாத்தியார் இருந்து பாக்ஸிங் மாஸ்டர் சுமார்தான்னா நான் சிலம்பத்துக்கே போகச் சொல்வேன், கால் வைக்கிறதை அவர் ஒழுங்காக் கத்துக் குடுத்துருவார், அப்புறம் எங்க போனாலும் அது உதவும்.

3. மாஸ்டரைப் பாக்கப் போறது

பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் முழுக்க ஓரமா உக்காந்து பாருங்க. புதுசா வந்தவன முதல் வாரமே க்ளவுஸ் மாட்டி அடுத்தவனோட மோத விடுறாரா? அப்படின்னா எந்திரிச்சு வந்துருங்க. சேரும்போது வியாதி, பழைய அடி, மாத்திரை பத்திக் கேக்குறாரா, கை கட்டுனதைத் தொட்டுப் பாக்குறாரா, ஐஸும் பஞ்சும் பிளாஸ்திரியும் எங்கயாவது கண்ணுல படுதா, இதெல்லாம் பாத்தாலே போதும். செவுத்துல மாட்டியிருக்குற மெடலும் போட்டோவும் அவர் நல்லா அடிப்பார்னுதான் சொல்லும், நாப்பது வயசுக்காரருக்குப் பொறுமையாச் சொல்லித் தருவாரான்னு சொல்லாது.

4. என்ன வாங்கணும், எந்த வரிசையில

எல்லாரும் முதல்ல க்ளவுஸ்தான் வாங்குறாய்ங்க, அதுவும் செவப்புல, அதுவும் ஆன்லைன்ல, அளவு பாக்காம. முதல்ல வாங்க வேண்டியது க்ளவுஸுக்குள்ள கையில சுத்திக் கட்டுற துணிப் பட்டை, அதான் பேண்டேஜ், ரெண்டு ஜோடி, பெரியவங்க கைக்கு நாலரை மீட்டர் நீளம். சின்னதை வாங்கினா மணிக்கட்டுக்கே பத்தாது. ரெண்டு ஜோடி எதுக்குன்னா ஒண்ணு காயணும்ல.

அடுத்து ஸ்கிப்பிங் கயிறு. நடுக் கயித்தை மிதிச்சு நின்னு தூக்கினா கைப்பிடி அக்குள் வரைக்கும் வரணும், அதுதான் அளவு. மூணாவது மவுத் கார்டு, சுடுதண்ணியில போட்டுக் கடிக்கிற வகை போதும், ஆனா வாங்கின கையோட வீட்டுல வச்சுக் கடிச்சு அச்சு எடுத்துருங்க, அட்டைப் பெட்டியில எத்தனை செகண்டு போட்டிருக்கோ அத்தனை செகண்டுதான், கூடப் போட்டா கொழகொழன்னு ஆயிரும். வாயைத் திறந்தா கீழ விழாம மேல்பல்லுல ஒட்டி நிக்கணும்.

க்ளவுஸ் ஒரு மாசம் கழிச்சு வாங்குங்க, பேண்டேஜ் கட்டுன கையோட போட்டுப் பாத்து வாங்கணும், வெறுங்கையில சரியா இருக்குறது கட்டுன கைக்கு நுழையாது. பேக்குக்கு, அதாவது தொங்கவிட்டுக் குத்துற மூட்டைக்கு 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு, அதாவது ரெண்டு பேர் மோதிப் பழகுறதுக்கு 16 அவுன்ஸ். ஒரே க்ளவுஸை ரெண்டுக்கும் வச்சுக்கலாமேன்னு கேப்பீங்க, பேக்குல குத்திக் குத்தி உள்ள இருக்குற ஃபோம் செத்துப் போயிரும், அந்தச் செத்த ஃபோமோட அடுத்தவங்க மூஞ்சியில குத்துறது நல்லா இல்ல. ஆம்பளைங்களுக்குக் கவட்டைக் காப்பாத்துற கீழ் கார்டு, பொம்பளைங்களுக்கு செஸ்ட் கார்டு, இது ஸ்பாரிங் வரும்போது வாங்குனாப் போதும். ஷூ, அடி தட்டையா இருந்தாச் சரி. ஓடுறதுக்குன்னு விக்கிற தடி சோல் ஷூவுல பக்கவாட்டுல நகந்தா கணுக்கால் மடங்கும்.

5. கை கட்டுறது

இதை வீட்டுல டிவி பாத்துக்கிட்டே ஒரு வாரம் பழகுங்க. கிளாஸ்ல வந்து பத்து நிமிஷம் கட்டிக்கிட்டு நின்னா வார்ம் அப் போயிரும்.

வளையத்தைக் கட்டைவிரல்ல மாட்டி, துணியை முதல்ல புறங்கை மேல கொண்டு போங்க, உள்ளங்கைப் பக்கமாப் போனா முஷ்டி மடக்கும்போது லூசாயிரும். மணிக்கட்டுல மூணு நாலு சுத்து. அப்புறம் புறங்கை வழியா மேல வந்து முட்டுல, அதாவது விரல் அடி எலும்புல மூணு சுத்து. அதுக்கப்புறம் மணிக்கட்டுலேர்ந்து கிளம்பி ஒவ்வொரு விரல் சந்துக்குள்ளயும் ஒரு தடவை விட்டுத் திரும்ப மணிக்கட்டு, மொத்தம் மூணு சந்து. கட்டைவிரலை ஒரு சுத்து சுத்திட்டு, மிச்சத்தை முட்டுலயும் மணிக்கட்டுலயும் முடிச்சு ஒட்டிருங்க.

கட்டும்போது அஞ்சு விரலையும் நல்லா விரிச்சே வச்சிருக்கணும். விரிச்சா லேசா இருக்கணும், மடக்குனா இறுகணும், அதான் கணக்கு. மடக்கி வச்சுக் கட்டுனவங்களுக்குப் பத்து நிமிஷத்துல விரல் நுனி மரத்துப் போகும், நிறம் மாறும், உடனே அவுத்துருங்க. பேண்டேஜ் எதுக்குன்னா வலிக்காம இருக்க இல்ல, கையில இருக்குற சின்னச் சின்ன எலும்பெல்லாம் ஒரே கட்டா நிக்கிறதுக்கு. சுண்டுவிரலுக்கு நேரா புறங்கையில ஓடுற எலும்பு உடையுறதுக்குப் பேரே பாக்ஸர் ஃப்ராக்சர், தப்பாக் குத்துறவன் முதல்ல உடைக்கிறது அதைத்தான்.

6. முதல் நாலு வாரம் காலு மட்டும்

இங்கதான் எல்லாருக்கும் போரடிக்கும். வந்த ரெண்டாம் நாளே ஒருத்தர் கேட்டார், என்ன தம்பி கோலாட்டமா கத்துத் தர்றீங்கன்னு. சிரிச்சுட்டு விட்டுட்டேன், அண்ணே ஒரு மாசம் மட்டும்ணேன்னு.

வலது கைப் பழக்கம்னா இடது கால் முன்னாடி, தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இடைவெளி, பின்கால் குதிகால் லேசாத் தூக்கி, ரெண்டு முட்டியும் கொஞ்சம் தளந்து. இடது கைக்காரங்களுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கங்க. நகர்றதுக்கு ஒரே விதி, போற திசையில எந்தக் கால் இருக்கோ அது முதல்ல போகும், மத்த கால் அதே அளவு பின்னாடியே வரும். முன்னாடி போனா முன்கால் முதல்ல, பின்னாடி வந்தா பின்கால் முதல்ல. காலை ஒட்டவும் கூடாது, குறுக்க போடவும் கூடாது, ஏன்னா கால் சேந்து நிக்கிற அந்த அரை செகண்டுல சும்மா தோள்ல தட்டுனாலே விழுந்துருவீங்க. குத்தோட பலம் தரையிலேர்ந்து கால், இடுப்பு, தோள் வழியா வருது, கால் சரியில்லாதவன் வெறும் கையால குத்துறான், அதான் ஒரு ரவுண்டுலயே தோள் செத்துப் போகுது.

நம்ம ஊர் வீட்டுல இருக்குறவங்களுக்கு ஒரு வசதி. தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு கட்டம் கட்டமாத்தானே இருக்கு, கால் எந்தக் கட்டத்துல ஆரம்பிச்சு எந்தக் கட்டத்துல முடியுதுன்னு பாத்தா இடைவெளி குறையுறது பளிச்சுனு தெரியும். ஆனா சாக்ஸ் போட்டுக்கிட்டு அதுல நிக்காதீங்க, மழுமழுன்னு வழுக்கும், தண்ணி தொடச்ச ஈரத்துல கேக்கவே வேணாம்.

ஸ்கிப்பிங் 30 செகண்டு, 30 செகண்டு ரெஸ்ட், அஞ்சு தடவை. முதல் வாரம் இவ்வளவுதான். மூச்சு ரெண்டு வாரத்துல பழகிரும், கெண்டைக்காலும் குதிநரம்பும் பழக ரெண்டு மாசம் ஆகும், அது தெரியாம மூச்சு தாங்குதேன்னு பத்து நிமிஷம் குதிச்சவங்கதான் மறுநாள் படி இறங்க முடியாம உக்காந்திருக்காங்க. சிமெண்டுத் தரையை விட்டுட்டு மண் தரையிலயோ மேட்லயோ குதிங்க.

7. குத்து, கண்ணாடி முன்னாடி

அஞ்சாவது வாரம் ஜாப் (முன்னாடி இருக்குற கையால நேராக் குத்துறது), கிராஸ் (பின்னாடி இருக்குற கையால நேராக் குத்துறது) ரெண்டே ரெண்டு. கிளாஸ்ல நம்பர் வச்சுத்தான் கத்துவாங்க, 1 ஜாப், 2 கிராஸ், 3 முன்கை ஹூக், 4 பின்கை ஹூக், 5 முன்கை அப்பர்கட், 6 பின்கை அப்பர்கட். வளைச்சுப் பக்கவாட்டுல குத்துறது ஹூக், கீழேர்ந்து மேல குத்துறது அப்பர்கட். மனப்பாடம் பண்ணி வச்சுக்கங்க, ஆனா 2க்கு மேல இப்போதைக்குத் தொட வேணாம்.

கட்டைவிரல் முஷ்டிக்கு வெளிய, விரலுங்க மேல படிஞ்சு இருக்கணும், உள்ள வச்சு மடக்குனா உடைஞ்சிரும். படுறது ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட முட்டுதான். தாடை கீழ, மத்த கை கன்னத்தை ஒட்டி. போன கை போன வழியிலயே திரும்பிக் கன்னத்துக்கு வரணும், புதுசா வர்றவங்க எல்லாருக்கும் கை இடுப்புக்குத்தான் இறங்கும், வீட்டுல பீரோ கண்ணாடி முன்னாடி நின்னா நீங்களே பிடிச்சிருவீங்க. காத்துல குத்தும்போது முழங்கையைக் கடைசி வரைக்கும் பட்டுனு நீட்டாதீங்க, தடுக்க எதுவும் இல்லாததால மூட்டு நோகும். மூச்சை ஒவ்வொரு குத்துக்கும் உஸ்ஸுனு விடுங்க, பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டுக் குத்துறவருக்கு ஒரு நிமிஷத்துல கண்ணு இருட்டும்.

8. பேக்

இதுல நான் பட்ட அனுபவத்தைச் சொல்லிடுறேன். கிளாஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே பள்ளத்தூர்ல எங்க பழைய வீட்டுல, உரச் சாக்குல செம்மண்ணை ரொப்பி, ஊஞ்சல் மாட்டுற வளையத்துல கட்டித் தொங்கவிட்டேன். பேரனுக்கு ஊஞ்சல் கட்டுற எடத்துல சாக்கையாடா கட்டுவேன்னு அப்பத்தா திட்டுச்சு. அது திட்டுனதுல தப்பே இல்ல. பேண்டேஜ் இல்லாம மூணே நாள், மணிக்கட்டு வீங்கி ஒரு மாசம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியல. மண்ணு ஒவ்வொரு குத்துக்கும் கீழ இறங்கி இறங்கிக் கல்லாயிரும், மேல வெத்துச் சாக்கு, கீழ பாறாங்கல்லு.

உள்ள போடுறது துணிதான். டெய்லர் கடையில வெட்டுத் துண்டு மூட்டை மூட்டையாக் கிடக்கும், கேட்டாக் குடுப்பாங்க, பட்டன், ஜிப், ஊசி இல்லாமப் பொறுக்கிட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் உலக்கையால குத்திக் குத்தி ரொப்புங்க. எடை உங்க எடையில பாதி, 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. ரொம்ப லேசா இருந்தா ஊஞ்சலாடும், பின்னாடியே ஓடிக் குத்துவீங்க, கத்துக்கிட்ட கால் எல்லாம் போயிரும்.

என் தொழில்ல இருக்குறதால இதை அழுத்திச் சொல்றேன், ஃபேன் கொக்கியில பேக்கை மாட்டாதீங்க. ஃபேன் எடை நாலு கிலோ பக்கம், பேக் 35, அதுவும் ஆடுற எடை, ஆடும்போது இழுப்பு இன்னும் கூடும். பழைய வீட்டுத் தேக்கு உத்தரம், ஊஞ்சல் வளையம் இதெல்லாம் தாங்கும், அதையும் கறையான் இருக்கான்னு தட்டிப் பாத்துட்டு மாட்டுங்க. ஓட்டு வீட்டுல குறுக்குச் சட்டம் வேண்டவே வேண்டாம்.

முதல் ரெண்டு வாரம் பேக்குல பாதி பலம்தான். மணிக்கட்டு மடங்காம நேரா நிக்குதான்னு மட்டும் பாருங்க. பேக் பெருசா ஆடுனா நல்ல குத்துன்னு நினைச்சுக்கிறாங்க, தள்ளுற குத்துதான் பேக்கை ஆட்டும், நல்ல குத்து டப்புனு பட்டுட்டுத் திரும்பிரும்.

9. ஜோடிப் பயிற்சி

மூணாவது மாசம். ஒருத்தர் ஜாப் மட்டும் போடணும், மத்தவர் தடுக்க மட்டும் செய்யணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கணும். அப்புறம் தோள் தொடுற விளையாட்டு, திறந்த கையால எதிராளி தோளைத் தொட்டுட்டு நம்ம தோளைக் காப்பாத்தணும். சின்னப்புள்ளத்தனமாத் தெரியும், ஆனா எதிர்ல ஆள் நிக்கும்போது கண்ணை மூடாம இருக்குறதை இதுதான் பழக்கும்.

இங்க வர்ற சிக்கல் உடம்பு சிக்கல் இல்ல, மரியாதை சிக்கல். எதிர்ல 19 வயசுப் பையன் நிப்பான், உங்களைக் கடையில சார்னு கூப்பிடுறவன். அவன் பயந்துக்கிட்டு அடிக்க மாட்டான், இல்லாட்டி ஒண்ணு பட்டுட்டா நீங்க கோவப்பட்டு ரெண்டு பங்காத் திருப்பிக் குடுப்பீங்க. வாயைத் திறந்து பேசிக்கங்க. "தம்பி, பாதி பலம் போதும்பா", "அண்ணே, இப்ப கொஞ்சம் ஹெவியாப் பட்டுச்சு". இவ்வளவுதான். ஜோடி கிடைக்காமப் போற ஆள் யாருன்னு பாத்தா, பலசாலி இல்ல, சொன்னா அடக்கிக்கத் தெரியாதவர்தான்.

10. ஸ்பாரிங்

நாலாவது மாசத்துக்கு முன்னாடி வேணாம், மாஸ்டர் சொன்னாலும் தயக்கமா இருந்தா இன்னும் ஒரு மாசம் தள்ளுங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிராது. 16 அவுன்ஸ் க்ளவுஸ், மவுத் கார்டு, கீழ் கார்டு, ஹெட் கார்டு. முதல் தடவை உடம்புல மட்டும், ரெண்டு நிமிஷம், ரெண்டே ரவுண்டு. தலை அதுக்கப்புறம். வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல வேணவே வேணாம், நாளைக்கு காலையில கடைக்கணக்கு பாக்கணும், இந்தத் தலையை வச்சுத்தான் பாக்கணும்.

ஹெட் கார்டு போட்டா தலை பத்திரம்னு நம்பாதீங்க. வெட்டுக்காயம், வீக்கம், காது, இதைக் காப்பாத்தும், மண்டைக்குள்ள மூளை குலுங்குறதைத் தடுக்காது. 2013ல சர்வதேச அமெச்சூர் போட்டியில பெரியவங்க ஆண்கள் பிரிவுக்கு ஹெட் கார்டையே எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆம்பளைங்க அது இல்லாமத்தான் மோதுனாங்க. நீங்க போடுங்க, ஆனா போட்டிருக்கோமேன்னு தலையை நீட்டாதீங்க.

அடி பட்டு தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுறது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்குறது, நடை தள்ளாடுறது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கு முடிஞ்சது, ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்த ரவுண்டு கிடையாது. பைக்கைத் தனியா ஓட்டிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, கூட ஒருத்தர் போகணும். வாந்தி நிக்கலன்னா, தலைவலி கூடிக்கிட்டே போனா, எழுப்பினா ஒழுங்கா முழிக்கலன்னா, விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. போட்டியில நாக் அவுட் ஆனவரையே குறைஞ்சது 30 நாள் ரிங் பக்கம் விடாதுங்க விதி, சம்பளம் வாங்காம அடி வாங்குற நமக்கு என்ன அவசரம். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் ஸ்கிப்பிங், பேக், ஜோடின்னு படிப்படியா வாங்க.

11. வெயிலும் சாப்பாடும்

சித்திரை, வைகாசியில நம்ம செம்மண் பூமியில சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை சுடும், மேல தகரம் போட்ட ஷெட்ல கிளாஸ்னா அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி. அந்த ரெண்டு மாசம் காலையில அஞ்சரைக்கு மாத்திக்கங்க, ஏழுக்குள்ள முடிச்சிரணும். பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ கொறஞ்சா ஒரு லிட்டர் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், அதை அன்னைக்குள்ள உப்பு போட்ட நீர்மோரா உள்ள தள்ளுங்க. வெயில்ல உடம்பு சிலுத்தா, வியர்வை நின்னா, மண்டை விண்ணுனு தெறிச்சா, உடனே நிழல், தலையில தண்ணி. எடை குறைக்கிறேன்னு பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கிட்டு ஓடுறவங்கள எங்க கிளாஸ்ல பாத்தா நாங்களே கழட்டிருவோம், போறது கொழுப்பு இல்ல, தண்ணி.

பெரிய சாப்பாட்டுக்கும் கிளாஸுக்கும் மூணு மணி நேரம் இடைவெளி. கல்யாண வீட்டுல மத்தியானம் ஒரு கட்டு கட்டிட்டு சாயங்காலம் வந்தவர் வயித்துல ஒரு ஜாப் வாங்கினார், மீதியை எழுதல. கிளாஸுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும், முடிஞ்சப்புறம் நம்ம செட்டிநாட்டு இனிப்பு கும்மாயம் கிடைச்சா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்.

12. வாரத்துக்கு எத்தனை நாள்

மூணு நாள், நடுவுல ஒரு நாள் விட்டு. தினமும் வர்றேன்னு ஆரம்பிக்கிறவங்கதான் முதல்ல நின்னுடுறாங்க, முப்பதுக்கு மேல உடம்பு தேற ஒரு நாள் கேக்கும். சதை வலிக்குதுன்னா வாங்க, லேசாச் செய்யலாம். மூட்டு வலின்னா, அதுவும் ஒரே எடத்துல குத்துற மாதிரின்னா வராதீங்க. தொழில் கெடாத அளவுக்குத்தான் விளையாட்டு, வாரத்துல ரெண்டு நாள்தான் முடியும்னாலும் ரெண்டு நாள் வாங்க, ஒழுங்கா வந்தாப் போதும்.

13. க்ளவுஸ், தோலு

கடைக்குப் போற அவசரத்துல ஈர க்ளவுஸைப் பைக்குள்ள அமுக்கி வச்சுட்டுப் போனா ரெண்டு நாள் கழிச்சு ஜிப்பைத் திறக்கும்போது வீடே எந்திரிச்சு ஓடும். உள்ள பழைய பேப்பரைச் சுருட்டித் திணிச்சு நிழல்ல காத்தாட வைங்க, உச்சி வெயில்ல காயப்போட்டா ரெக்ஸின் வெடிச்சிரும். அடுத்தவங்க க்ளவுஸ், துண்டு வாங்காதீங்க, படர்தாமரை ஒருத்தருக்கு வந்தா கிளாஸ் பூராம் சுத்தும். வட்டமா அரிப்பு வந்தா மெடிக்கல்ல எதையாவது வாங்கித் தேய்க்காம தோல் டாக்டர்கிட்ட காட்டி, ஆறுற வரைக்கும் ஜோடிப் பயிற்சிக்கு வராதீங்க. நகத்தை வெட்டிட்டு வாங்க. பேண்டேஜை ஒவ்வொரு தடவையும் துவைக்கணும், வீட்டுத் துணியோட சேத்து மெஷின்ல போடாம தனியா, வெல்க்ரோவை மூடி ஒட்டிட்டு. ஒட்டாமப் போட்டா சேலையில பூராம் நூல் இழுத்துரும், அந்தத் திட்டை மாஸ்டரால வந்து தடுக்க முடியாது.